தூளி ஸ்பிரிங்கும் பௌதிகக் கணக்கும்

நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பி.யூ.சி. முதலாண்டுப் பௌதிகத்தில் ஒரு பாடத்துக்கு வந்ததும் சற்றுத் தயங்கி நிற்பது வழக்கம். ஆங்கிலத்தில் அதை 'சிம்பிள் ஹார்மானிக் மோஷன்' என்பார்கள். தமிழ் வழியில் படித்துவிட்டு உத்தியோகத்துக்காகப் பெங்களூருக்கு வந்த தகப்பனார்கள் சிலருக்கு இதே பாடம் 'தனிச்சீரிசை இயக்கம்' என்ற பெயரில் ஞாபகம் இருக்கலாம். பிள்ளை இங்கிலீஷில் படிக்கிறான், நமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்கிவிடுகிறவர்களே அதிகம். ஒதுங்க வேண்டியதில்லை. டியூஷனுக்குப் பணம் கட்டுமுன் வீட்டிலேயே கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. "பொருளைக் கொஞ்சம் நகர்த்தினால் அதைப் பழைய இடத்துக்குத் திருப்புவது எது? எவ்வளவு பலமாகத் திருப்புகிறது?"

அந்தப் பலத்துக்கு மீள்விசை என்று பெயர். நகர்ந்த தூரம் இரட்டித்தால் மீள்விசையும் இரட்டிக்க வேண்டும்; எப்போதும் சமநிலை இடத்தை நோக்கியே இருக்க வேண்டும். சூத்திரத்தில் உள்ள கழித்தல் குறி இந்தத் திசையைத்தான் சொல்கிறது. பிள்ளைகள் அதை ஏதோ அலங்காரம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங்கின் இந்தக் குணத்தைக் கண்டறிந்த ராபர்ட் ஹூக், வேறு யாரும் உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று 1676-ல் அதை எழுத்துக்களைக் கலைத்துப் போட்டு வெளியிட்டார். 1678-ல்தான் விடையை அவிழ்த்தார்!

நம் வீடுகளில் குழந்தையின் தூளியை ஸ்பிரிங்கில் மாட்டுவதுண்டல்லவா? 5 கிலோ குழந்தையைக் கிடத்தியதும் ஸ்பிரிங் 25 சென்டிமீட்டர் நீண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். (துணி, ஸ்பிரிங் இவற்றின் எடையை விட்டுவிடலாம்.) மெல்லக் கீழே இழுத்துவிட்டால் ஒருமுறை மேலும் கீழும் போய்வர எவ்வளவு நேரம் ஆகும்?

குழந்தையின் எடை 5 × 9.8, அதாவது 49 நியூட்டன். அதை 0.25 மீட்டரால் வகுத்தால் ஸ்பிரிங்கின் விசை மாறிலி 196. இனி 5-ஐ 196-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 6.28-ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 1 விநாடி வரும்.

புவியீர்ப்பை எங்கே சேர்ப்பது என்று பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். சேர்க்கவே வேண்டாம். முதலில் நீண்ட 25 சென்டிமீட்டரே அதற்குக் கணக்குத் தீர்த்துவிட்டது. தூளி அசையாமல் நின்ற இடத்திலிருந்து தூரத்தை அளந்தால் போதும். இன்னொரு வேடிக்கை, குழந்தையின் எடை கணக்கில் அடிபட்டுப் போகிறது. நீட்சியை 9.8-ஆல் வகுத்து மூலம் எடுத்தாலும் அதே விடைதான். எடை கொடுக்காத கேள்வியைக் கண்டு 'விவரம் போதாது' என்று குறித்துவிட்டு வரும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

கர்நாடக சி.இ.டி. தேர்வில் பௌதிகத்துக்கு 60 கேள்விகள், 80 நிமிடம். கேள்விக்கு 80 விநாடிதான். அந்த அவசரத்தில் பையனோ பெண்ணோ படத்தைப் பார்த்தே சூத்திரத்தைத் தேடுவது இயல்பு. ஆபத்தும் அதில்தான். வழவழப்பான மேசையில் ஒரு கட்டை. இடப்பக்கச் சுவரோடு ஒரு ஸ்பிரிங், வலப்பக்கச் சுவரோடு அதே மாதிரி இன்னொரு ஸ்பிரிங். படத்தில் இரண்டும் ஒரே கோட்டில் இருப்பதால் 'தொடர் இணைப்பு' என்று எண்ணி மாறிலியைப் பாதியாக்கிவிடுகிறார்கள். நம் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். கட்டையை வலப்பக்கம் 1 சென்டிமீட்டர் நகர்த்தினால், இடப்பக்க ஸ்பிரிங் நீண்டு இடப்பக்கம் இழுக்கிறது; வலப்பக்க ஸ்பிரிங் நசுங்கி, அதுவும் இடப்பக்கமே தள்ளுகிறது. இரண்டும் ஒரே கட்சி! ஆகவே மாறிலி இரட்டிப்பு. தவறாகப் போட்டவருக்கு அலைவு நேரம் சரியான விடையைப் போல் சரியாக இரு மடங்கு வரும். கொடுத்த நான்கு விடைகளில் அதுவும் ஒன்றாகக் காத்திருந்தால் ஆச்சரியமில்லை.

திரும்பத் திரும்ப நடப்பதெல்லாம் தனிச்சீரிசை இயக்கம் ஆகிவிடாது. தரையில் குதிக்கும் ரப்பர் பந்தும் மேலும் கீழும் போய்வருகிறது. ஆனால் அது காற்றில் இருக்கும்போது அதன்மேல் உள்ள இழுப்பு எந்த உயரத்திலும் ஒன்றுதான், தூரத்தோடு வளர்வதில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பரீட்சை செய்து பார்க்கலாம். சிறிய பூட்டு ஒன்றை நூலில் கட்டி, கட்டிய இடத்திலிருந்து பூட்டின் நடுவரை 1 மீட்டர் இருக்கும்படி தொங்கவிடுங்கள். சிறிது சாய்த்துவிட்டு 20 அலைவுகளை எண்ணினால் 40 விநாடி ஆகும். இன்னும் கொஞ்சம் சாய்த்தாலும் அதே 40தான். 60 டிகிரி வரை சாய்த்துவிட்டால் மீள்விசை தூரத்துக்கு ஈடாக வளர்வதில்லை. கணக்குப்படி 43 விநாடி ஆக வேண்டும். ஆட்டம் போகப்போகக் குறைவதால் உங்கள் கடிகாரத்தில் அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும்.