காட்டுவழிப் பயணத்திற்கு ஆயத்தம்

சாலை என்பது நமக்கு முன் சென்றவர்கள் நமக்காகச் சிந்தித்து வைத்த வழி. எங்கே திரும்புவது, எங்கே ஆற்றைக் கடப்பது, எங்கே ஊர் வரும் என்பனவற்றை எல்லாம் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். நாம் கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் ஓர் ஊரில் போய்ச் சேர்வோம். சாலையை விட்டு இறங்கியவுடன் அந்தச் சிந்தனை முழுவதும் நம் தலையில் வந்து விழுகிறது. ஒருவர் தனியே செல்லும்போது பிழைத்தால் துன்பம் அவரோடு போகும். இருபது பேர் கூடிச் செல்லும்போது ஒருவர் பிழை இருபது பேரையும் வருத்தும். ஆதலின் குழுவாகக் காட்டுவழி செல்வதற்கு வேண்டும் ஆயத்தங்களைப் பற்றிச் சில சொல்ல விரும்புகிறேன். சென்னைத் துறைமுகத்தை அடுத்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் வாழும் மாணவர்களை மனத்தில் வைத்தே பேசுகிறேன்.

இம்மாணவர்கள் நாள்தோறும் காண்பன கப்பல்கள், புகைபோக்கிகள், சரக்குந்துகள், கொள்கலன்கள். காடு என்றால் அவர்களுக்கு உதகையும் கொடைக்கானலும் நினைவுக்கு வருகின்றன. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில், பூண்டி நீர்த்தேக்கத்தை அடுத்து, குடியம் என்னும் சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே காப்புக்காட்டினுள் பாறைக் குகைகள் உள்ளன. பழைய கற்கால மனிதர் புழங்கிய இடம் அது. 2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு வனத் துறை மக்கள் நடந்து செல்வதற்கென 40 காட்டுவழிகளைத் திறந்து வைத்தது. அவற்றுள் குடியம் குகைவழியும் ஒன்று.

பயண ஆயத்தத்தில் முதலாவது, ஏன் போகிறோம் என்பதைத் தெளிதல். நோக்கமில்லாத குழு பாதி வழியில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி விரைந்து ஓடும். மறுபாதி மரநிழலில் அமர்ந்துவிடும். குடியத்திற்குப் போவதற்கு நல்ல நோக்கங்கள் இரண்டு உண்டு.

ஒன்று, மனிதனின் தொன்மையைக் காண்பது. 1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது மனிதன் செதுக்கிய கைக்கோடரி என்று அறிந்தார். அவ்வாண்டிலேயே அவரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் பூண்டிக்கு அண்மையிலுள்ள அதிரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகளை ஏராளமாகக் கண்டனர். அங்கே பின்னாளில் அகழ்ந்து ஆராய்ந்த சாந்தி பப்பு முதலியோர், அக்கருவிகளுள் பழமையானவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவித்தனர். இந்த வட்டாரத்துக் குன்றுகள் கூழாங்கற்கள் செறிந்து இறுகியவை. கடினமான குவார்ட்சைட் கற்கள் வேண்டுமளவு கிடைத்தன. அருகே ஆறும் ஓடிற்று. கருவி செய்யக் கல்லும் குடிக்க நீரும் ஒருங்கே கிடைத்த இடத்தில் ஆதி மனிதன் தங்கியதில் வியப்பில்லை.

மற்றொரு நோக்கம் அந்த ஆற்றைப் பற்றியது. அதன் பெயர் கொசத்தலையாறு. 1944-இல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் இவ்வாற்றின் குறுக்கே அமைந்தது. அங்கிருந்து கிழக்கே ஓடி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. எண்ணூர் மாணவன் ஆற்றின் வாயைத்தான் பார்த்திருக்கிறான்; அதன் தோளையும் மார்பையும் பார்த்ததில்லை. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு கலந்து அக்கழிமுகத்தில் பரவியதையும், வலைகளும் படகுகளும் கறுத்துப் போனதையும் அவன் கண்டிருப்பான். அதே ஆற்றை மேற்புறத்தில் ஒருமுறை பார்த்து வந்தவன், கீழே அதற்கு நேர்வதைக் கண்டு வாளாவிருக்கமாட்டான் என்பது என் நம்பிக்கை.

இரண்டாவது, பருவம் அறிதல். கடலோரத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு மயக்கம் உண்டு. நண்பகலில் கடற்காற்று வந்து வெயிலைத் தணிப்பதை இயல்பென்று எண்ணிவிடுகிறார்கள். நிலம் நீரைவிட விரைவில் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள சூடான காற்று எழ, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. உள்நாட்டில் 50, 60 கிலோமீட்டர் தள்ளிப் போனால் அக்காற்று காலந்தாழ்ந்து வரும். வரும்போது வலிமை குன்றியும் இருக்கும். குடியத்துக் காடோ முட்புதர்க்காடு. தொடர்ந்த நிழல் கிடையாது. பாறை வேறு வெப்பத்தை உமிழும். ஆகவே மழை ஓய்ந்த டிசம்பர் இறுதியும் ஜனவரியும் ஏற்ற காலம். பிப்ரவரி நடுவிலிருந்து புல் காய்ந்துவிடும். அது தீப்பற்றும் பருவம்.

தீ என்று சொல்லும்போது குரங்கணியை நினையாதிருக்க முடியாது. 2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் நாள், தேனி மாவட்டம் போடிக்கு அருகேயுள்ள குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்தும் சென்றிருந்த இரு குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிர் நீத்தனர். பெரும்பாலோர் இளைஞர். அவர்கள் சென்ற வழிக்கு உரிய அனுமதி இல்லை என்று அரசு கூறிற்று. அதற்குப் பின்னரே காட்டில் நடப்பதற்கென விதிகள் வகுக்கப்பட்டன. மலைச்சரிவில் தீ மேல்நோக்கி விரைந்து ஏறும். கீழே எரியும் சுடர் மேலேயுள்ள புல்லை முன்னதாகவே காய்ச்சிவிடுவதே அதன் காரணம். எனவே புகையைக் கண்டால் உடனே திரும்ப வேண்டும். தப்புவதற்கென்று மேட்டை நோக்கி ஓடலாகாது. புல்லற்ற பாறைவெளியையோ நீரையோ நாட வேண்டும். அதனினும் சிறந்தது, தீப்பருவத்தில் காட்டிற்குப் போகாதிருத்தல். 2025-இல் பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவு வரை வனத் துறையே இவ்வழிகளை மூடி வைத்தது.

மூன்றாவது, அனுமதி. அனுமதிச் சீட்டை வெறும் தாள் என்று எண்ணுபவர் பலர். அதன் பயன் வேறு. நாம் காட்டினுள் இருக்கிறோம் என்பது வெளியே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. நாம் குறித்த நேரத்தில் வெளிவராவிட்டால் தேடுவதற்கு ஆள் உண்டு என்பதே அச்சீட்டின் பொருள். வனத் துறையின் வழிகாட்டியோடுதான் செல்ல வேண்டும். அவர் அப்பகுதியில் பிறந்து வளர்ந்தவர். எந்தப் புதரில் பாம்பு கிடக்கும், எந்தப் பாறையில் மலைத்தேனீ கூடு கட்டியிருக்கும் என்பன அவருக்குக் கைவந்த அறிவு. பதினெட்டு வயது நிரம்பாத மாணவர்க்குப் பெற்றோரின் இசைவை எழுத்தில் பெறுக. மோட்டார் சைக்கிளிலும் ஜீப்பிலும் காட்டைக் கிழித்துக்கொண்டு போகும் ஆசை இளைஞரிடம் வளர்ந்து வருகிறது. காப்புக்காட்டில் அதற்கு இடமில்லை. சக்கரம் ஒருமுறை அறுத்த மண்ணை அடுத்த மழை அரித்துக்கொண்டு போய்விடும்.

நான்காவது, கணக்கு. நான் மாணவர்களை இத்தகைய பயணத்திற்கு அழைத்துச் செல்லுமுன் கரும்பலகையில் இக்கணக்கைப் போடச் சொல்வது வழக்கம். போகவர 10 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாலையில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடக்கும் குழு, கல்லும் முள்ளுமான வழியில் மணிக்கு இரண்டரைதான் நடக்கும். எனவே நடைக்கு 4 மணி நேரம். காண்பதற்கும் இளைப்பாறுவதற்கும் 1 மணி. ஆக 5 மணி. எதிர்பாராததற்கென்று இதில் நாலில் ஒரு பங்கைக் கூட்டினால் ஆறே கால் மணி நேரம் ஆகும். காலை 7 மணிக்குப் புறப்பட்டால் பிற்பகல் ஒன்றேகாலுக்குள் வெளிவந்துவிடலாம். போகும் வழிக்கு 2 மணி நேரம். முக்கால் மணி தாமதம் பொறுக்கலாம். ஒன்பதேமுக்காலுக்குள் குகையை அடையாவிட்டால், அது கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். இத்திரும்பும் நேரத்தைப் புறப்படுமுன்பே எழுதி வைத்தல் வேண்டும். களைத்தபின் எடுக்கும் முடிவில் ஆசை கலந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கும் இப்படியே. ஆளுக்கு 3 லிட்டர். இருபது பேருக்கு 60 லிட்டர். அவரவர் நீரை அவரவர் சுமக்க வேண்டும். மூன்று கிலோ எடை பெரிய சுமையன்று. பாதியைத் திரும்பும் வழிக்கென்று ஒதுக்குக.

தென்துருவப் பயணத்தில் இதற்கு ஒரு பெரிய சான்று உண்டு. 1911 டிசம்பர் 14-இல் துருவத்தை முதலில் அடைந்த நார்வே நாட்டு ஆமுன்சென், வழியில் உணவைப் புதைத்து வைத்த இடங்களின் இருபுறமும், வழிக்குக் குறுக்காக, வரிசையாகக் கொடிகளை நட்டு வைத்தார். பனிமூட்டத்தில் சற்று விலகிச் சென்றாலும் ஏதேனும் ஒரு கொடி கண்ணில் படும். தாம் வழி தவறக்கூடும் என்பதை முன்னரே கணக்கில் சேர்த்துக்கொண்டார். 1912 ஜனவரியில் துருவத்தை அடைந்த ஆங்கிலேயர் ஸ்காட்டும் தோழர்களும் திரும்பும் வழியில் மாண்டனர். ஸ்காட் கடைசியாகப் பாளையமிட்ட இடத்திற்கும் அடுத்த உணவுக் கிடங்கிற்கும் இடையே இருந்தது 11 மைல் தொலைவே. கடுங்குளிர், நோய் எனக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் கணக்கில் இடம் விடாதவர்க்கு இயற்கை இடம் விடுவதில்லை என்பது உண்மை.

ஐந்தாவது, குழுவின் ஒழுங்கு. முன்னால் வழிகாட்டி, அவரை யாரும் முந்தலாகாது. கடைசியில் பொறுமையுள்ள மூத்த மாணவர் ஒருவர். அவருக்குப் பின்னால் யாரும் தங்கலாகாது. குழுவின் வேகம் அதில் மெல்ல நடப்பவரின் வேகமே. அவரை முன்வரிசையில் நடக்க வைத்தால் மற்றவர் தாமே ஒத்து நடப்பர். பின்னே விட்டால், அவர் வந்து சேரும்போது மற்றவர் இளைப்பாறி எழுந்திருப்பர். அவருக்கு மட்டும் ஓய்வே இராது. ஐவர்க்கொருவர் தலை எண்ணுக. மருந்துப் பெட்டி ஒருவர் கையில் இருக்கட்டும். பாம்பு தீண்டினால் கடிவாயைக் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் ஆகியன கூடா. கடிபட்டவரை நடக்கவிடாமல், உறுப்பை அசையாமல் வைத்து, நச்சுமுறி மருந்துள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்க. திருவள்ளூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது.

திட்டத்தில் இல்லாததை அங்கே போய்ச் சேர்ப்பதும் ஆபத்து. பூண்டியில் நீரைக் கண்டதும் குளிக்கலாம் என்பார் ஒருவர். படகு கிடைத்தால் ஏறலாம் என்பார் மற்றொருவர். 2011 டிசம்பர் 25-ஆம் நாள் பழவேற்காட்டில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. மகிழ்ச்சியாகப் பொழுது போக்கச் சென்றவர்கள் அவர்கள். ஆழம் அறியாமல் காலை விடாதே என்று நம் ஊர்ப் பெரியோர் சொல்வது வெறும் பழமொழியன்று.

போகும் வழியோ எளிது. எண்ணூரிலும் திருவொற்றியூரிலும் இருப்போர் மின்சார ரயிலில் இராயபுரம் வந்து திருவள்ளூர் வண்டிக்கு மாறலாம். 1856-இல் தென்னாட்டின் முதல் புகைவண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடிய தடம் அது. திருவள்ளூரிலிருந்து பூண்டிக்குச் சாலை உண்டு. பூண்டியில் தொல்லியல் துறை அமைத்த காட்சியகத்தில் கற்கருவிகளை முதலில் பார்த்துவிட்டால், காட்டில் கண் எதைத் தேட வேண்டும் என்று அறியும்.

கடைசியாக ஒன்று. குடியத்துக் காட்டில் காலடியில் கிடக்கும் கல் கைக்கோடரியாக இருக்கக்கூடும். அதை எடுத்துப் பையில் போடாதீர்கள். கருவி கிடந்த இடமும் ஆழமும் சேர்ந்தே அதன் வரலாற்றைச் சொல்கின்றன. இடம் பெயர்ந்த கல் எழுத்தழிந்த கல்வெட்டுப் போன்றது. குகையில் உரக்கக் கூவாதீர்கள். பாறையில் பெயர் எழுதாதீர்கள். கொண்டு சென்ற உறைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள். 15 லட்சம் ஆண்டுகளாக மனிதர் நடந்த நிலம் அது. நமக்குப் பின் வருவோர் காண்பதற்கும் ஏதேனும் அங்கே எஞ்சியிருக்க வேண்டும். அதையும் நம் கணக்கில் சேர்த்துக்கொண்டு புறப்படுவோம்.