அந்தப் படம் வரவே இல்லை

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் அப்பா கோட்டும் டையும் அணிந்து சந்தன மாலைக்குள் இருக்கிறார். உயிரோடு இருந்தவரை அவர் கோட்டு போட்டதே இல்லை. கிள்ளானில் முப்பது ஆண்டுக்கு மேல் தபால்காரராக இருந்தவர். வேலைக்குச் சீருடை, வீட்டில் கைலி, கோயிலுக்கு வேட்டி. அவ்வளவுதான் அவர் அலமாரி.

அவர் தவறிய அன்று இரவு படம் தேடினோம். வீட்டில் பதினோரு ஆல்பங்கள் இருந்தன. என் பிறந்தநாள், தம்பியின் காதணி விழா, பத்துமலை, கேமரன் மலை எல்லாம் இருந்தன. அப்பா மட்டும் இல்லை. கேமரா எப்போதும் அவர் கையில்தான் இருந்தது. கல்யாணப் படத்தில் அவருக்கு 24 வயது. அதை வைக்க முடியாது. கடைசியில் ஓர் உறவினர் திருமணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து முகத்தை வெட்டி எடுத்தோம். தோளில் யாரோ ஒருவருடைய கை இருந்தது. அதை மறைக்கப் படக்கடைக்காரர் கணினியில் ஒரு கோட்டை மாட்டிவிட்டார். அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு கோட்டு?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று ஆண்டுகள் கழித்து, இந்த மார்ச் மாதம் பினாங்கிற்கு மூன்று நாள் போகத் திட்டமிட்டபோது, தங்கும் விடுதிக்கு முன்பே நான் பதிவு செய்தது ஒரு புகைப்படக் கலைஞரைத்தான். ஒன்றரை மணி நேரம், மூன்று இடங்கள், திருத்திய 40 படங்கள், 480 வெள்ளி.

வானொலி நிலையத்தில் விஷயம் தெரிந்ததும் ஒரே சிரிப்பு. "போன்ல மூணு கேமரா இருக்கு, இதுக்கு ஆள் வேறயா?" என்றார் சக அறிவிப்பாளர் ஒருவர். சரியான கேள்விதான். என் கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். ஆறு வயது மகளின் படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. நானும் கணவரும் சேர்ந்து இருப்பவை கைநீட்டி எடுத்த செல்ஃபிகள். அவற்றில் பாதி எங்கள் நெற்றிதான். அம்மா இருக்கும் படங்களைத் தேடினால், பெரும்பாலும் ஓரத்தில் எங்கள் பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார். எந்த ஊருக்குப் போனாலும் அம்மாவுக்கு நாங்கள் கொடுத்த வேலை அது. அப்பாவுக்குச் செய்ததையே அம்மாவுக்கும் செய்துகொண்டிருந்தோம்.

ஆள் தேடுவது இப்போது கடினமில்லை. கிளுக், ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் ஊர் பெயரைத் தட்டினால் வரிசையாக வருகிறார்கள். இன்ஸ்தாகிராமில் நேரடியாகவும் பிடிக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். அவர்கள் காட்டும் பத்துச் சிறந்த படங்களை நம்பவில்லை. ஒரே குடும்பத்துக்கு எடுத்துக் கொடுத்த முழுத் தொகுப்பையும் காட்டச் சொன்னேன். அதுவும் நம்மைப் போன்ற நிறமுள்ள குடும்பமாக இருந்தால் நல்லது என்றேன். இருவர் பதிலே போடவில்லை. ஒருவர் அனுப்பிய தொகுப்பில் ஓர் இந்தியக் குடும்பமே மஞ்சள் பூசி நலங்கு வைத்ததுபோல் இருந்தது.

இது புதிய சிக்கல் இல்லை. படச்சுருள் காலத்தில் கோடாக் நிறுவனம் அச்சிடும் கூடங்களுக்கு மாதிரி அட்டை ஒன்றை அனுப்பும். அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். 'ஷர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அந்த அம்மாளின் தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. நம் வீட்டுப் பழைய படங்களில் சித்தப்பாவின் பற்கள் மட்டும் பளிச்சென்று தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்று அதே வேலையைக் கணினியில் தயாராக வைத்திருக்கும் வண்ண அமைப்புகள் செய்கின்றன. ஒரே சொடுக்கில் எல்லார் முகத்துக்கும் ஒரே சாயம்.

நான்காவதாகக் கிடைத்தவர் பினாங்கில் பிறந்து வளர்ந்த சீனப் பெண். இருபதுகளின் கடைசியில் இருப்பார். முழுத் தொகுப்பைத் தயங்காமல் அனுப்பினார். கூடவே, "பாட்டி எவ்வளவு தூரம் நடப்பார்? படி ஏறுவாரா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காகவே முன்பணம் கட்டினேன். ஒப்பந்தம் இரண்டு பக்கம். மழை பெய்தால் மறுநாள், படங்கள் 14 நாளில், இப்படி எல்லாம் எழுத்தில் இருந்தது. எடுக்கும் படங்களை அவர் தம் விளம்பரத்துக்குப் பயன்படுத்தலாம் என்று ஒரு வரியும் இருந்தது. அதை நீக்கச் சொன்னேன்; நீக்கிவிட்டார். இந்த வரியைப் பலர் படிக்காமலேயே கையெழுத்துப் போடுகிறார்கள். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கே உரிமை. சிங்கப்பூரில் 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த புதிய சட்டம் இதைத் திருப்பிப் போட்டது. அங்கே வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் உரிமை எடுத்தவருக்கே. அக்கரையில் இருக்கும் என் நாத்தனாருக்கு இதைச் சொன்னபோது, தன் கல்யாணப் படங்களின் தேதியைத் தேடிப் போனார்.

அம்மாவிடம் சொல்வதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"எவ்வளவு?"

சொன்னேன்.

"நானூத்தி எண்பதா! படம் கைக்கு வருமா?"

அப்போதுதான் அந்தக் கதை வெளியே வந்தது. 1984இல் கல்யாணம் முடிந்த மறு வாரம் அப்பாவும் அம்மாவும் பினாங்கிற்குப் போயிருக்கிறார்கள். பாலம் இன்னும் திறக்காத காலம், பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரிதான். பாடாங் கோத்தா கடற்கரையில் கழுத்தில் கேமரா மாட்டிய ஓர் ஆள் வந்து, கடலோரச் சுவருக்கு முன்னால் இருவரையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்திருக்கிறார். மூன்று வெள்ளி. முகவரி எழுதிக்கொண்டு, கழுவித் தபாலில் அனுப்புகிறேன் என்றாராம்.

"ஒங்கப்பா அப்பதான் போஸ்ட் ஆபீஸ்ல சேர்ந்த புதுசு. தினம் மூட்டையப் பிரிக்கிறப்ப பார்ப்பாராம். ஒரு வருசம் பார்த்தாரு. வரவே இல்ல. வழியில தொலைஞ்சிருக்கும்னு நான் சொன்னா கோவம் வந்துடும். அனுப்பியிருந்தா வந்திருக்கும்பாரு."

கல்யாண மேடைக்குப் பிறகு இருவர் மட்டும் சேர்ந்து நின்ற ஒரே படம் அதுதானாம். அதன்பின் அப்பா சொந்தமாகக் கேமரா வாங்கிவிட்டார்.

தட்டைக் கழுவப் போன அம்மா, திரும்பிப் பார்க்காமலேயே கேட்டார். "எனக்கு மாலை போடுறதுக்குத்தான எடுக்குற?"

காலையில் மூன்று மணி நேரம் நிறுத்தாமல் பேசிச் சம்பளம் வாங்குகிறவள் நான். பதில் வரவில்லை. இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்றாலும் முழு உண்மை ஆகாது. "நாம எல்லாரும் சேர்ந்து எடுக்கத்தான்" என்று ஏதோ முணுமுணுத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பார்த்தால், பெட்டியில் மூன்று சேலைகள் அடுக்கியிருந்தார்.

பினாங்கில் ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஏழு மணிக்கு மேல்தான் எழும். 1982 புத்தாண்டு அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்ததன் பலன் இது. படம் எடுக்கிறவர்களுக்கு இது வரம். ஊரே தூங்கும் மூன்று மணிக்கு எழ வேண்டியதில்லை. நல்ல வெளிச்சம் ஏழரையிலிருந்து எட்டரை வரை. ஒன்பதாகிவிட்டால் வெயில் தலைக்கு நேராக ஏறத் தொடங்கி, கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழுந்துவிடும்.

ஏழு மணிக்கு சியூ படகுத்துறையில் இருந்தோம். சியூ என்ற குடும்பப் பெயர் கொண்ட சீனர்கள் கடலுக்குள் கால் நட்டு வீடு கட்டி வாழும் இடம். இன்றும் வாழ்கிறார்கள் என்பதுதான் முக்கியம். சில வீட்டு வாசலில் படம் எடுக்காதீர் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். எங்கள் புகைப்படக் கலைஞர், பொதுப் பலகைப் பாதையை விட்டு இறங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. ஜப்பானில் கியோட்டோ நகரத்துக் கியோன் பகுதியில், தனியார் சந்துகளில் அனுமதியின்றிப் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகையே வைத்துவிட்டார்கள். உள்ளூர் ஆளை அமர்த்துவதில் இதுவும் ஒரு லாபம்; எங்கே நிற்கலாம், எங்கே கூடாது என்பது அவருக்குத் தெரியும். நம் ஊரிலிருந்தே ஒரு நண்பரைக் கேமராவோடு வெளிநாட்டுக்கு அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க: சுற்றுலா விசாவில் வந்து சம்பளத்துக்குப் படம் எடுத்தால், பல நாடுகளில் குடிநுழைவுத் துறை சும்மா விடாது.

முதல் இருபது நிமிடம் மோசம். அம்மா அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் நின்றார். என் கணவர் வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு மூச்சு விட மறந்தார். நான் வானொலிக்காரி, முகம் தேவைப்படாத வேலையில் இருப்பவள். கேமராவைக் கண்டதும் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. மகள் மட்டும் இயல்பாக இருந்தாள், அதாவது அழுதுகொண்டிருந்தாள்.

அந்தப் பெண் அவசரப்படவே இல்லை. கேமராவைக் கீழே இறக்கிவிட்டு அம்மாவிடம் மலாயில் பேச ஆரம்பித்தார். எந்த ஊர், என்ன சமைப்பீர்கள் என்று. அம்மா பிறந்தது நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில். கடலுக்கு அந்தப் பக்கம் தெரியும் கரையைக் காட்டி, அங்கிருந்து ஃபெரி ஏறி வந்த கதையைச் சொல்லத் தொடங்கினார். சூரியன் அந்தக் கரைக்கு மேல்தான் எழுந்தது. அம்மா கண் கூசி, முந்தானையால் முகத்தைத் துடைத்து, எதற்கோ சிரித்தார். கேமரா எப்போது மேலே போனது என்று எங்களுக்கே தெரியாது.

அடுத்து ஆர்மீனியன் தெரு. 2012இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் வரைந்த, சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகளின் சுவரோவியத்துக்கு அந்நேரத்திலேயே வரிசை நின்றது. மகளுக்காக இரண்டு படம் எடுத்துவிட்டு நகர்ந்தோம். அந்தப் பக்கத்து அஞ்சடிகள் கடைக்குக் கடை உயரம் மாறும். அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது.

பாடாங் கோத்தா எங்கள் திட்டத்திலேயே இல்லை. மூன்றாவது இடம் லிட்டில் இந்தியா என்று பேசியிருந்தோம். காரில் ஏறியதும் அம்மா மலாயில் அந்தப் பெண்ணிடம் நேராகக் கேட்டுவிட்டார், கடற்கரைக்குப் போக முடியுமா என்று. "போகலாம் ஆண்டி" என்றார் அவர்.

நகர மண்டபத்தின் வெள்ளைக் கட்டடம் 1903இலிருந்து அப்படியே நிற்கிறது. கடலோரம் நிறைய மாறிவிட்டது. அம்மா முன்னும் பின்னும் நடந்தார். திரும்பித் திரும்பிக் கட்டடத்தைப் பார்த்துத் தூரத்தை அளந்தார். பிறகு ஓரிடத்தில் நின்று, "இங்கதான். இல்லன்னா இதுக்குப் பக்கத்துல" என்றார்.

"அப்பா எங்க நின்னாரு?" என்று கேட்டேன்.

"அங்க. நடுவுல ஒரு ஆளு நிக்கலாம். புதுசுல்ல, வெக்கம்." பிறகு என்னைப் பார்த்து, "நீ போய் நில்லு. கையைக் கட்டு. அவரு கட்டித்தான் நின்னாரு" என்று அதட்டினார். நின்றேன். அந்த ஓர் ஆள் இடைவெளியில் மகள் போய் நுழைந்துகொண்டாள். என் கணவரைப் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் அம்மா.

படங்கள் பன்னிரண்டாம் நாள் வந்தன. அதுவரை அம்மா தினமும் கேட்டார்: "வந்துச்சா?" கடைசியில் இணைப்பு புலனத்தில் வந்ததும், தொலைக்காட்சியில் பெரிதாகப் போட்டுப் பார்த்தோம். எல்லாம் அழகு. ஆனால் அம்மா முகம் சுளித்தார். "இது நான் இல்லையே." உற்றுப் பார்த்தால், அம்மாவின் கன்னத்துச் சுருக்கங்களும் மூக்கோரத்து மருவும் காணாமல் போயிருந்தன. எந்த ஊர், எவ்வளவு நேரம், எத்தனை படம் என்று அத்தனையும் பேசிய நான், திருத்தம் எந்த அளவுக்கு என்று பேச மறந்திருந்தேன். தயங்கித் தயங்கிக் கேட்டதும், அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு இரண்டே நாளில் மருவோடு திருப்பி அனுப்பினார்.

அம்மா நாற்பதையும் மறுபடி பார்த்தார். படகுத்துறையில் முந்தானையோடு சிரிக்கும் படத்தில் நிறுத்தச் சொன்னார்.

"நாளைக்கு வேணும்னா இத வை. கோட்டு கீட்டு போட்டுடாத."

கடற்கரைப் படத்தை அஞ்சலட்டை அளவில் அச்சிட்டு, கைப்பையில் அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறார். போன வாரம் அந்தப் பெண் செய்தி அனுப்பியிருந்தார்: ஒப்பந்தத்தில் வேண்டாம் என்றீர்கள், தெரியும், ஆனாலும் ஒரே ஒரு படத்தை மட்டும் பதிவேற்றலாமா என்று. அம்மாவிடம் கேட்டேன். மூன்று பேரும் கடலைப் பார்த்து நிற்கும் முதுகுப் படத்துக்கு மட்டும் அனுமதி கொடுத்தார். அதற்கு நூற்றுக்கணக்கில் விருப்பக்குறி விழுந்திருக்கிறது என்று காட்டினேன்.

"மூஞ்சியே தெரியல," என்றார் அம்மா. "என்னத்தப் பார்த்தாங்களாம்?"