சக்கர மேற்கு – 14: பிளக்கும் உண்டு, டேங்க்கும் உண்டு

போன வாரம் பாடியில் நின்றோம். 1961-ல் லூகாஸ் டிவிஎஸ், அதே காலத்தில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, 1966-ல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று அறுபதுகளில் வரிசையாக எழுந்த தொழிற்சாலைகளைப் பார்த்தோம். அவற்றின் பின்னாலேயே வளர்ந்த அம்பத்தூர் எஸ்டேட்டின் சிறு பட்டறைகளுக்கு அடுத்த இருபது ஆண்டில் என்ன வேலை இருக்கும்? அதை இந்த வாரம் இரண்டு கார்களை வைத்துப் பார்க்கலாம்.

இரண்டும் பி.எம்.டபிள்யூ. எக்ஸ்.எம். என்பது பிளக்-இன் ஹைபிரிட் எஸ்.யு.வி. 2022 டிசம்பரில் 2.60 கோடி ரூபாய் விலையில் இந்தியாவுக்கு வந்தது. ஐ.எக்ஸ். என்பது முழு எலெக்ட்ரிக். 2021 டிசம்பரில் 1.16 கோடிக்கு அறிமுகமானது. அந்த நிறுவனத்துக்குச் சிங்கபெருமாள் கோவில் பக்கம் 2007 முதல் தொழிற்சாலை இருக்கிறது. ஆனாலும் இவை இரண்டும் முழுக் காராகவே இறக்குமதியானவை. ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இவற்றை வாங்கக்கூடியவர்கள் மிகச் சிலர்தான். ஆனால், விலை உயர்ந்த காரில் இன்று வருவது பத்து வருடத்தில் நம் தெரு காருக்கும் வந்துவிடும். ஏர்பேக் அப்படித்தான் வந்தது.

எக்ஸ்.எம்.மின் பானட்டுக்குள் 4.4 லிட்டர் வி8 பெட்ரோல் என்ஜின். கியர்பாக்ஸோடு சேர்ந்து ஒரு மின் மோட்டார். தரைக்கடியில் சுமார் 25 யூனிட் மின்சாரம் பிடிக்கும் பேட்டரி. என்ஜினும் மோட்டாரும் சேர்ந்து 653 குதிரைத்திறன், எடை 2.7 டன். முழுதாக சார்ஜ் செய்தால் ஐரோப்பியச் சோதனைக் கணக்குப்படி 80 கிலோமீட்டருக்கு மேல் பெட்ரோலைத் தொடாமல் ஓடும். ஐ.எக்ஸில் என்ஜினே கிடையாது. அதன் பெரிய வடிவத்தில் 111.5 யூனிட் பேட்டரி இருக்கிறது. அதே சோதனைக் கணக்கில் அது 600 கிலோமீட்டரைத் தாண்டுகிறது.

நம் பக்கத்து ஓட்டத்துக்கு எது பொருந்தும்? ஆவடியிலிருந்து அண்ணா சாலைக்கு சி.டி.எச். சாலை வழியாகப் போய்வந்தால் ஐம்பது கிலோமீட்டர் ஆகும். பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போய்வர அதைவிடக் குறைவு. அதாவது, திங்கள் முதல் சனி வரை பிளக்-இன் ஹைபிரிட்டும் இங்கே எலெக்ட்ரிக் காராகவே ஓட முடியும். பொங்கலுக்குத் திருநெல்வேலி போகும்போது மட்டும் என்ஜின் கைகொடுக்கும். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டி சார்ஜருக்கு வரிசையில் நிற்கும் கவலை அதற்கு இல்லை.

செலவையும் பார்த்துவிடலாம். தினம் 40 கிலோமீட்டர் ஓட்டினால் இரண்டு மாதத்தில் 2,400 கிலோமீட்டர். பெரிய காருக்கு ஒரு யூனிட்டில் ஐந்து கிலோமீட்டர் என்று வைத்தால் 480 யூனிட் செலவாகும். ஏற்கெனவே 500 யூனிட் ஓடுகிற வீட்டில் இது 600, 800 என்று ஒவ்வொரு படியாக ஏறி, 2024 ஜூலைக் கட்டணப்படி யூனிட்டுக்கு 8.55, 9.65, 10.70 ரூபாய் என்று விழும். மின்கட்டணம் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய் கூடும். அதே தூரத்தைப் பெட்ரோலில் லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கணக்கில் ஓட்டினால் 24,000 ரூபாய். வீட்டு வாசலில் பிளக் உள்ளவருக்கு எந்தக் காரானாலும் லாபம்தான். கொரட்டூரிலோ முகப்பேரிலோ அடுக்குமாடியின் பொது பார்க்கிங்கில் நிறுத்துகிறவருக்குச் சங்கத்தின் அனுமதி இல்லாமல் இரண்டுமே கஷ்டம்.

ஆனால், பிளக்-இன் ஹைபிரிட்டின் பலவீனமும் அந்த பிளக்கில்தான் இருக்கிறது. எலெக்ட்ரிக் காரை சார்ஜ் செய்யாமல் ஓட்ட முடியாது. ஹைபிரிட்டை ஓட்டலாம். அப்படி ஓட்டுகிறார்கள் என்பதை ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. காருக்குள் இருக்கும் மீட்டரே பதிவு செய்த எரிபொருள் கணக்கின்படி, பிளக்-இன் ஹைபிரிட் கார்கள் சாலையில் விடுகிற கரியமில வாயு, சோதனைக்கூடத்தில் சொன்னதைப்போலச் சராசரியாக மூன்றரை மடங்கு. சார்ஜ் தீர்ந்த பிறகு அந்த பேட்டரி வெறும் பாரம். அதையும் சேர்த்துத்தான் என்ஜின் இழுக்கிறது.

இந்திய வரி, பிளக்-இன் ஹைபிரிட்டைப் பெட்ரோல் காரோடுதான் சேர்க்கிறது. 2025 செப்டம்பர் 22-க்குப் பிறகு எலெக்ட்ரிக்குக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், இந்த அளவு ஹைபிரிட்டுக்கு 40 சதவீதம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 20 சதவீதம். எலெக்ட்ரிக்குக்கு மாநில அரசு பல ஆண்டுகளாக அதை விலக்கிவருகிறது. வரிக்கு முன் 70 லட்சம் விலையுள்ள இரண்டு கார்களை எடுத்துக்கொண்டால், ஒன்று 73.5 லட்சத்தில் முடியும், இன்னொன்று 117 லட்சத்தைத் தாண்டும். 2016-ல் வோல்வோ எக்ஸ்.சி.90 டி8 இந்தியாவுக்கு வந்தும், பத்து ஆண்டில் இந்த வகை இங்கே பரவாமல் போனதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் கணிப்பு. கடல் தாண்டிப் பாருங்கள். இலங்கையில் 2025-ல் கார் இறக்குமதி திறந்ததும் பி.ஒய்.டி.யின் சீலயன் 6 பிளக்-இன் ஹைபிரிட் விற்பனைக்கு வந்தது. ஸ்ரீபெரும்புதூரிலேயே தொழிற்சாலை வைத்திருக்கும் அதே நிறுவனம் நமக்கு விற்பது எலெக்ட்ரிக் சீலயன் 7.

வரியை அப்படியே குறைத்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். சார்ஜ் செய்யாத காருக்குச் சலுகை கொடுத்தால் பொதுப்பணம் வீண். ஆனால், எத்தனை கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓடியது என்பதைக் காரே எழுதிவைக்கிறதே! அதைப் பார்த்து ஆண்டுதோறும் வரியில் ஒரு பங்கைத் திருப்பித் தரலாம். அது நியாயமான வழி.

வெள்ளம் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் எஸ்டேட்டே தண்ணீரில் நின்றது. என்ஜின் உள்ள காரில் காற்றுக் குழாய் வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எலெக்ட்ரிக்கில் அந்தக் குழாயே இல்லை. பெரும்பாலான கார் பேட்டரிகளுக்குள்ள ஐ.பி.67 தரம், ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்குவதற்கு. இரண்டு நாள் மூழ்கிக் கிடப்பதற்கு அல்ல. ஹைபிரிட்டுக்கோ இரண்டு ஆபத்தும் உண்டு.

இப்போது பட்டறைக்கு வருவோம். எக்ஸ்.எம்.மில் பிஸ்டன் இருக்கிறது, வால்வு இருக்கிறது, கேம் ஷாஃப்ட், டைமிங் செயின், இன்ஜெக்டர், சைலன்சர், பல கியர் கொண்ட பெட்டி எல்லாமே இருக்கின்றன. அவற்றோடு மோட்டாரும் பேட்டரியும் கூடுதல். ஐ.எக்ஸில் முதல் பட்டியல் முழுதும் காணாமல் போகிறது. அதனால் ஹைபிரிட் வந்தால் நம் லேத்துகள் பிழைக்கும் என்று பேசுகிறவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் பாதிதான் உண்மை. பிளக்-இன் ஹைபிரிட்டிலேயே ஆல்டர்னேட்டருக்கு வேலையில்லை. பெரிய பேட்டரியிலிருந்தே 12 வோல்ட்டுக்கு மின்சாரம் இறக்கிக்கொள்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்னேட்டரும் செய்து பேர் வாங்கிய பாடிக்கு ஹைபிரிட் முழு அடைக்கலம் ஆகாது. பிரேக்கும் அப்படித்தான். மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரமாக்குவதால் இரண்டு வகையிலும் பிரேக் பேட் தேய்வது குறைகிறது. சக்கரம் மட்டும் எல்லாவற்றுக்கும் வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் திரும்பத் தொடங்கிவிட்டன. சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் 2022-ல் எலெக்ட்ரிக் கார் பாகங்களுக்காக 25 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றை வாங்கியது. 1949-ல் தொடங்கிய நிறுவனத்தின் மூலம் அம்பத்தூரில் சைக்கிள் செய்துவந்த முருகப்பா குழுமம், மான்ட்ரா எலெக்ட்ரிக் ஆட்டோவை அதே ஊரில் செய்கிறது. ஆவடியின் கதை வேறு. 1987-ல் தொடங்கிய அங்குள்ள என்ஜின் தொழிற்சாலை பீரங்கி வண்டிகளுக்கு டீசல் என்ஜின் செய்கிறது. அந்தத் தேவை சீக்கிரம் போகாது.

எனக்குக் கவலை, பத்துப் பேரோடு ஜாப் ஒர்க் செய்யும் யூனிட்டைப் பற்றித்தான். எலெக்ட்ரிக் காருக்கும் கடைசல் வேலை உண்டு. மோட்டாரின் ரோட்டார் ஷாஃப்டை லேத்தில்தான் கடைய வேண்டும். வேகத்தைக் குறைக்கும் கியர்களும் வேண்டும். ஆனால், என்ஜின் சத்தம் மறைத்துக்கொண்டிருந்த கியர் சத்தம் எலெக்ட்ரிக்கில் அப்படியே காதில் விழும். மோட்டாரும் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஆகவே கியர் பல்லை மைக்ரான் சுத்தமாக கிரைண்ட் செய்ய வேண்டும், ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்க வேண்டும், அளந்து சான்று கொடுக்க வேண்டும். அந்த இயந்திரங்களைத் தனி ஒரு சிறு யூனிட் வாங்க முடியாது. சிறு தொழில்களுக்குப் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் திட்டம் இருக்கிறது. கியர் கிரைண்டிங், பேலன்சிங், அளவுச் சோதனை மூன்றும் ஒரே கூரையின் கீழ் உள்ள மையம் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் வேண்டும், என்ஜின் ஆர்டர்கள் இன்னும் வந்துகொண்டிருக்கும் இந்த ஆண்டுகளிலேயே வேண்டும். ஆர்டர் நின்ற பிறகு வந்தால் அதைப் பயன்படுத்தக் கைதேர்ந்த டர்னர்கள் எஸ்டேட்டில் இருக்கமாட்டார்கள்.

(தொடரும்)