ஐயுறவும் ஆர்வமும்

தன் தகுதியை ஐயுறும் மாணாக்கன் முதலில் தன்னம்பிக்கையைத் தேடுகிறான். பின்னரே கல்வியில் மகிழலாம் என்றெண்ணுகிறான். இயற்பியலார் ரிச்சர்ட் ஃபைன்மேனுக்கு நேர்ந்தது வேறு.

1945இல் மனைவியை இழந்து, அணுகுண்டு ஆய்வில் களைத்து, கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியேற்ற அவர், தம் அறிவு வறண்டுபோயிற்று என்றே நம்பினார். உயர்நிறுவனங்களின் அழைப்புகள் அவர் அச்சத்தையே பெருக்கின. பிறருடைய எதிர்பார்ப்பை நிறைவேற்றுவது தம் கடனன்று என உணர்ந்தபின், இயற்பியலை இளமையிற்போல் விளையாட்டாகவே பயிலத் துணிந்தார்.

உணவகத்தில் ஒருவர் மேலே வீசிய தட்டு, சுழன்றவாறே தள்ளாடிற்று. தள்ளாட்டத்தின் விரைவு சுழற்சியினும் ஏறத்தாழ இருமடங்கு என்பதன் காரணத்தைக் கணித்தார். (பிற்கால நினைவுகளில் இவ்விகிதத்தை அவரே தலைகீழாகக் கூறிவிட்டார்!) இதனால் பயன் யாது என மூத்த அறிஞர் ஹான்ஸ் பேத்தே வினவ, பயனொன்றுமில்லை, மகிழ்ச்சிக்காகவே செய்தேன் என்றார்.

அக்கணக்கு எலக்ட்ரான் பற்றிய பழைய வினாக்களுக்கு அவரை மீட்டுச் சென்றது. 1965இல் நோபல் பரிசு பெற்ற பணி அவ்வினாக்களினின்றே வளர்ந்தது.