உடைந்த விளக்கும் உத்தரவாதமும்

மும்பை டிராம்பே பகுதியிலுள்ள சீத்தா கேம்ப், 1976-ஆம் ஆண்டு ஜனதா காலனியிலிருந்து அகற்றப்பட்ட மக்கள் குடியமர்த்தப்பட்ட இடமாகும். தமிழர் பலர் வாழும் இங்கு, கடன் பெற்று வாடகைக் கார் வாங்கிய ஒருவர், சில மாதங்களிலேயே பின்விளக்கின் மூடியில் விரிசல் காண்பதாகக் கொள்வோம். மழைநீர் புகுந்து விளக்கு அணைந்தால், இரவில் வண்டி ஓடாது, வருவாயும் நிற்கும்.

"வெளியிலிருந்து அடிபட்ட சேதம் உத்தரவாதத்தில் சேராது" என்பது விற்பனையாளர் கூறக்கூடிய பதில். மோதலால் வரும் விரிசல், பெரும்பாலும் அடிபட்ட இடத்திலிருந்து கிளைத்துப் பரவும். வார்ப்புக் குறையாலோ, திருகாணியை மிகையாக முடுக்கியதாலோ வருவது, பொருத்தும் துளையின் ஓரத்தில் தொடங்குவதுண்டு. எனவே உடைந்த மூடியை எறிந்துவிடலாகாது, அதுவே சான்று.

வாடகை வண்டி வணிகப் பொருள், அதன் உரிமையாளர் நுகர்வோர் அல்லர் என்ற வாதமும் எழலாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்யத் தாமே ஓட்டும் வண்டியை வாங்கியவர் நுகர்வோரே என்பதை, லக்ஷ்மி இன்ஜினியரிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் தெளிவாக்கியது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் இவ்விளக்கத்தைக் கொண்டுள்ளது. அச்சட்டப்படி, தாம் வசிக்கும் இடத்து மாவட்ட ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். பொருளைச் சோதனைக்கூடத்திற்கு அனுப்பவும் ஆணையத்திற்கு அதிகாரமுண்டு.

விலைச்சீட்டு, உத்தரவாத அட்டை, எழுத்து மூலமான மறுப்பு ஆகிய மூன்றையும் பாதுகாப்பதே முதற்கடமை. வாய்ச்சொல்லால் கேட்ட உரிமை வாய்ச்சொல்லாலேயே மறுக்கப்படும்.