இரையும் முள்ளும்

தூண்டிலிடுபவன் முள்ளை மறைத்து இரையையே காட்டுகின்றான். இக்காலத்துக் கள்வர் அனுப்பும் போலி மின்னஞ்சலும் அத்தகையதே. மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் ஒலியைக் கொண்டே அதற்குப் ‘பிஷிங்’ என்று பெயரிட்டனர். நாம் அதனைத் ‘தூண்டில் மடல்’ என்போம். பல்கலைக்கழகங்களிலும் இத்தூண்டில் அடிக்கடி விழுகின்றது. அங்கே யாவரும் கற்றவரன்றோ எனலாம். எனினும், ஆளுக்கேற்ற இரையைக் கள்வர் நன்கறிவர்.

மாணவர்க்கு இடும் இரை அச்சம். அஞ்சற்பெட்டி நிறைந்துவிட்டது, இன்றே கடவுச்சொல்லைப் பதியாவிடின் கணக்கு மூடப்படும் என்று மடல் வரும்.

பேராசிரியர்க்கு இடும் இரை புகழ். வேற்றுப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் தம் கட்டுரையைப் படித்து எழுதியதுபோன்ற மடல்களை நம்பியோர் பலர். இவ்வாறு உலகெங்கும் ஏறக்குறைய 8,000 பேராசிரியர்களின் கணக்குகள் கள்வர் கைப்பட்டன என்று, 2018இல் அமெரிக்க அரசு தொடுத்த வழக்கொன்றின் குற்றப்பத்திரம் கூறுகின்றது.

அலுவலகத்தார்க்கு இடும் இரை வழமை. 2017இல் கனடாவின் எட்மன்டன் நகரிலுள்ள மக்ஈவன் பல்கலைக்கழகத்துக்கு, அதனோடு பெருந்தொகைக் கொடுக்கல் வாங்கல் உடைய நிறுவனமொன்றின் பெயரால் மடல்கள் வந்தன. வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்பதே செய்தி. அலுவலர் அதனை நம்பிப் புதிய கணக்குக்கு 1 கோடியே 18 இலட்சம் கனேடிய டொலரைச் செலுத்தினர். உண்மையான நிறுவனம் பணம் வரவில்லையே என்று கேட்டபோதுதான் களவு வெளிப்பட்டது. முன்னரே அறிந்த இலக்கத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசியிருப்பின் அத்தொகை போயிராது.

ஆதலின் மாணவர்க்கு நாம் கூறுவது இது. மடல் காட்டும் வழியாலேயே மடலுக்கு விடை தேடாதீர். அதிலுள்ள இணைப்பை அழுத்தாது, பல்கலைக்கழகத் தளத்தின் முகவரியை நீரே தட்டெழுதிச் செல்லும். அதிலுள்ள தொலைபேசி இலக்கத்தை விட்டு, முன்னரே தெரிந்த இலக்கத்தில் வினவும். அனுப்பியவர் பெயரை மட்டுமன்றி முழு முகவரியையும் நோக்கும். அவசரப்படுத்தும் மடலை ஆறுதலாகப் படியும். கடவுச்சொல்லை எவர் கேட்பினும் கொடாதீர்.

கொடுத்துவிட்டால்? அக்கணமே அதனை மாற்றும். அதே சொல்லை வேறிடங்களில் வைத்திருந்தால் அங்கும் மாற்றும். கணினிப் பிரிவுக்கு அறிவியும். பணம் சம்பந்தப்பட்டிருப்பின் வங்கிக்கும் அறிவியும். மடலை அழித்துவிடாதீர், அதுவே சான்று.

மக்ஈவன் பல்கலைக்கழகம் நடந்ததை மூடி மறைக்கவில்லை. பகிரங்கமாக அறிவித்துச் சட்ட நடவடிக்கை எடுத்தது. 2018இல் 1 கோடியே 9 இலட்சம் டொலருக்கு மேல் மீண்டது. நம் வீடுகளிலோ, ஏமாந்த பிள்ளை ஏச்சுக்கு அஞ்சி வாய் திறவாதிருப்பதுண்டு. அவ்வாறு கழியும் ஒவ்வொரு மணி நேரமும் கள்வனுக்கே ஊதியம். பெற்றோரே, பிள்ளை வந்து சொன்னால் முதலில் கடவுச்சொல்லை மாற்ற உதவுங்கள். புத்திமதி பின்னர் ஆகட்டும்.