11 மீட்டர் அலை, ஒரு சாண் ஆன்டெனா

மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் பிசியோதெரபி நிலையங்களில் ‘கரண்ட் வைப்பார்கள்’. அங்கே இருக்கும் இயந்திரங்களில் ஒன்று ஷார்ட்வேவ் டயதெர்மி. இரண்டு தகடுகளுக்கு நடுவே முழங்காலை நீட்டச் சொல்லி, 27.12 மெகா ஹெர்ட்ஸ் ரேடியோ அலையைச் செலுத்துவார்கள். தோலுக்கு அடியில் சதை இதமாகச் சூடேறும். லாரி ஓட்டுநர்களும் மலையேறுபவர்களும் பேசிக்கொள்ளும் ‘சிட்டிசன் பேண்ட்’ ரேடியோ, சுருக்கமாக சி.பி., இயங்குவதும் ஏறக்குறைய இதே இடத்தில்தான். இந்தியாவில் சி.பி.க்கு விடப்பட்டிருக்கும் பட்டை 26.957 முதல் 27.283 மெகா ஹெர்ட்ஸ் வரை. கூட்டிக் கழித்துப் பார்த்தால் அதன் நட்டநடுவில் 27.12 உட்கார்ந்திருக்கும். பிளாஸ்டிக் உறைகளை உருக்கி ஒட்டும் ஆலை இயந்திரங்களுக்கும், பழைய ரிமோட் பொம்மைக் கார்களுக்கும்கூட இதுவே வீடு.

அப்படியானால் வாயருகே பிடித்துப் பேசும் சி.பி. வாக்கி-டாக்கி முகத்தைச் சுட்டுவிடாதா?

சுடாது. டயதெர்மி இயந்திரம் நூற்றுக்கணக்கான வாட் சக்தியை ஒரே இடத்தில் கால் மணி நேரம் குவிக்கிறது. கையடக்க சி.பி. வெளியிடுவது நாலைந்து வாட்தான். அதுவும் பேசும் பொத்தானை அழுத்தியிருக்கும்வரை மட்டும். எக்ஸ்-ரே போல மூலக்கூறுகளை உடைக்கும் ஆற்றல் இந்த அலைக்குக் கிடையாது. கருவியை வாயிலிருந்து ஐந்து சென்டிமீட்டராவது தள்ளி நிமிர்த்திப் பிடித்தால் போதும். ஆன்டெனா தானாகவே கண்ணையும் நெற்றியையும் விட்டு விலகி நிற்கும், குரலும் பிசிறடிக்காமல் போகும். கூடுதல் கவனம் தேவைப்படுவது பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு: 3 வாட்டுக்கு மேற்பட்ட கைக்கருவியை அவர்கள் மார்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டைப் பையில் செருகுவது கூடவே கூடாது.

சி.பி. ரேடியோவால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள், நிறையப் பேர். கதிர்வீச்சால் அல்ல, மின்கம்பியால். அது எப்படி நேர்ந்தது என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டும்.

டொராண்டோவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஆல் கிராஸ் 1938இல் கையில் தூக்கிச் செல்லும் வாக்கி-டாக்கி ஒன்றை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. சாதாரண மக்களுக்கென ரேடியோ சேவை ஒன்றை அறிவித்தது. 1958இல் அதற்கு 27 மெகா ஹெர்ட்ஸ் பட்டை திறக்கப்பட்டதும் கருவிகளின் விலை இறங்கியது. ஆனால் சி.பி.யைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாட வைத்தது 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி. டீசல் கிடைக்கவில்லை, நெடுஞ்சாலை வேகம் மணிக்கு 55 மைலாகக் குறைக்கப்பட்டது. எந்த பங்க்கில் டீசல் இருக்கிறது, எந்த வளைவில் போலீஸ் ஒளிந்திருக்கிறது என்று லாரிக்காரர்கள் 19ஆம் சேனலில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். 1976 தொடக்கத்தில் லாரி ஓட்டுநர்களைப் பற்றிய ‘கான்வாய்’ பாட்டு தரவரிசையில் முதலிடம் பிடித்தது. அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கே சி.பி.யில் பேச ஒரு பட்டப்பெயர் இருந்தது. நெரிசல் தாங்காமல் 1977இல் 23 சேனல்கள் 40 ஆயின. 1983இல் உரிமம் என்பதையே எடுத்துவிட்டார்கள்.

இத்தனை ஆர்வத்துக்கும் இயற்பியல் ஒரு முட்டுக்கட்டை போட்டது. 27 மெகா ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். ஒழுங்காக அலை வீச வேண்டுமானால் ஆன்டெனா குறைந்தது அதில் கால் பங்காவது இருக்க வேண்டும்: 2.7 மீட்டர், அதாவது ஆள் உயரத்தைத் தாண்டி ஒன்றரை மடங்கு. கைக்கருவியில் இருப்பதோ ரப்பர் உறை போட்ட ஒரு சாண் குச்சி. அதனுள்ளே கம்பியைச் சுருளாகச் சுற்றி, நீளமாக இருப்பதுபோல் மின்சுற்றை ஏமாற்றுகிறார்கள். மின்சுற்று ஏமாறும், வெளியே போகும் அலை ஏமாறாது. பேட்டரியிலிருந்து புறப்படும் சக்தியில் பெரும்பங்கு அந்தச் சுருளிலேயே சூடாகிக் கரைந்துவிடும். ஊருக்குள் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கேட்டாலே நல்ல கருவி. அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரங்களை மலையுச்சிக்கு மலையுச்சி அளந்ததாக எடுத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு வேடிக்கை: ஆன்டெனாவின் மறுபாதி, பேசுபவரின் உடம்பு. மின்னோட்டம் சமன்பட ஆன்டெனாவுக்கு எதிர்ப்புறம் மின்சாரம் கடத்தும் ஒரு பரப்பு தேவை. லாரியில் அதை லாரியின் கூரை தருகிறது, கைக்கருவியில் கையும் உடலும் தருகின்றன. அதனால்தான் மேசைமேல் வைத்தால் மங்கும் சிக்னல், கையில் எடுத்ததும் தெளிகிறது. குட்டைக் குச்சியின் நுனியிலோ பேசும்போது நூற்றுக்கணக்கான வோல்ட் ஏறி நிற்கும். உறை கிழிந்து உலோகம் தெரியும் ஆன்டெனாவைப் பேசும்போது தொட்டால், ஊசி குத்தியதுபோல் சிறிய, ஆனால் ஆழமான தீக்காயம் ஏற்படும். அதை டேப் சுற்றிச் சமாளிக்காமல் மாற்றிவிட வேண்டும். ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பொத்தானை அழுத்துவது வேறு வகை விபத்து: வெளியேற வழியில்லாத சக்தி திரும்பி வந்து கடைசி டிரான்சிஸ்டரை எரித்துவிடும்.

ஒரு சாண் குச்சி போதவில்லை என்றதும் மனிதர்கள் என்ன செய்வார்கள்? கூரைமேல் ஏறினார்கள். 1970களில் அமெரிக்கப் புறநகர்களில் ஆறேழு மீட்டர் அலுமினியக் குழாய்மேல் நீண்ட ஆன்டெனாவைச் செருகி, அப்பாவும் மகனும் சேர்ந்து நிமிர்த்துவார்கள். வீட்டை ஒட்டி ஓடும் உயரழுத்தக் கம்பியில் நுனி உரசினால் குழாயைப் பிடித்திருந்த எல்லோர் உடம்பிலும் மின்சாரம் பாயும். சாவுகள் தொடர்ந்ததால், அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் முதலில் எச்சரிக்கை வில்லைகளைக் கட்டாயமாக்கியது. படித்துப் பார்த்துவிட்டும் ஏறினார்கள். பிறகு, 14,500 வோல்ட் கம்பியைத் தொட்டாலும் பிடித்திருப்பவருக்கு மின்சாரம் பாயாதபடி ஆன்டெனாவுக்கே காப்புறை வேண்டும் என்ற விதி 1983இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொழுதுபோக்குக் கருவியின் உதிரிபாகத்துக்கு இத்தனை கடுமையான விதி அபூர்வம். கையில் சி.பி. வைத்திருப்பவர் தூரம் வேண்டும் என்று கம்பி கட்டத் தொடங்கும் கணம்தான் இந்த விஷயத்தில் மிக ஆபத்தானது. அதைவிட மேட்டுக்கு நடந்து போய்ப் பேசலாம். பத்து மீட்டர் உயரம் பத்து வாட்டைவிட அதிகம் செய்யும். ஆனால் இடி முழங்கும்போது அந்த மேட்டில் நிற்கக் கூடாது. வாகனத்தின் வெளி ஆன்டெனாவோடு கருவியை இணைத்திருந்தால், மழைமேகம் நெருங்குமுன் பிரித்துவிட வேண்டும்.

அமெரிக்கச் சாலைகளில் பாறை உடைக்கும் இடங்களை நெருங்கும்போது, இருவழி ரேடியோக்களை அணைக்கச் சொல்லும் பலகைகள் நிற்கும். காரணம் மீண்டும் அந்த 11 மீட்டர்தான். மின் டெட்டனேட்டருக்குள் முடியளவு மெல்லிய கம்பி ஒன்று இருக்கிறது. சிறு மின்னோட்டம் பாய்ந்து அது சூடானால் வெடிக்கும். அதிலிருந்து தரைமேல் நீளும் இணைப்புக் கம்பிகள் சில மீட்டர் நீளம். சி.பி. அலையின் காலையோ அரையையோ ஒத்த அந்த நீளத்துக்கு, யாரும் கேட்காமலேயே ஆன்டெனாவாக வேலை செய்யும் குணம் உண்டு. பக்கத்தில் ஒருவர் பேசினால் கம்பியில் மின்னோட்டம் தூண்டப்படலாம். குவாரி அருகே கருவியை அணைத்துவிட வேண்டும். பொத்தானை அழுத்தாமல் இருக்கிறோமே என்பது போதாது, பையில் கிடக்கும் கருவியின் பொத்தானைத் தண்ணீர்ப் பாட்டில்கூட அழுத்திவிடும். எரிவாயு நிறைந்த ஆலைகளுக்குத் தீப்பொறி எழாதபடி சான்றளிக்கப்பட்ட தனிக் கருவிகள் உண்டு. சாதாரண சி.பி. அந்த வகையில் சேராது.

பையில் சிக்கிய பொத்தான் இன்னொரு தொல்லையும் செய்யும். சி.பி.யில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இருவர் ஒன்றாக அழுத்தினால், இரண்டு அலைகளின் நூலிழை வித்தியாசம் காதைக் கிழிக்கும் விசிலாக ஒலிக்கும். யார் சொன்னதும் கேட்காது. அவசர உதவி கேட்பவரின் வாயையும் அது அடைத்துவிடும். முதலில் காது, பிறகு வாய் என்பதே பழகியவர்களின் வழக்கம். சேனல் காலியா என்று கேட்டுவிட்டு, பொத்தானை அழுத்தி, ஒரு நொடி விட்டுப் பேச்சைத் தொடங்குவார்கள். ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பிறகு ஒரு நிமிடமாவது மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும் என்று எஃப்.சி.சி. விதியே இருக்கிறது.

யாருக்கு எதிரே பேசுகிறோம் என்பதும் தெரியாது. சி.பி.யில் பூட்டு, மறைக்குறியீடு எதுவும் இல்லை. குடும்பமாக ஊருக்குப் போகும்போது முன் காரும் பின் காரும் பேசிக்கொள்வது நல்ல ஏற்பாடுதான். ‘வீட்டுச் சாவியை எங்கே வைத்தாய்’ என்பதை மட்டும் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்கலாம். பிள்ளைகள் கையில் கருவியைக் கொடுத்தால், சொந்தப் பெயருக்குப் பதில் ஒரு பட்டப்பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். சில நேரங்களில் கேட்பவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் இருப்பார். பதினோரு ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியன் உக்கிரமடையும்போது வளிமண்டலத்தின் உச்சியில் மின்னேற்றம் பெற்ற அடுக்கு தடித்து, 27 மெகா ஹெர்ட்ஸ் அலையைத் தரைக்குத் திருப்பி அனுப்பும். 2024இல் சூரியன் அப்படியொரு உச்சத்தில் இருந்தது. அத்தகைய நாட்களில் அடுத்த தெருவிலிருப்பவர் குரல் கேட்காது. கடல் தாண்டிய அந்நியர் தெளிவாகப் பேசுவார். 250 கிலோமீட்டருக்கு அப்பால் பேசக் கூடாது என்று அமெரிக்கா வைத்திருந்த தடை 2017இல்தான் நீங்கியது.

ஆபத்துக் காலத்தில் இதை நம்பலாமா? 9ஆம் சேனல் அவசரத்துக்கென ஒதுக்கப்பட்டது. அமெரிக்காவில் 1962 முதல் ரியாக்ட் என்ற தொண்டர் அமைப்பு அதைக் கேட்டுவந்தது. மொபைல் போன் வந்தபின் கேட்கும் காதுகள் குறைந்துவிட்டன. அங்கே பதில் வராவிட்டால் லாரிக்காரர்களின் 19ஐ முயல்வது புத்திசாலித்தனம். கடலில் சி.பி. உதவாது: கப்பல்களும் கடலோரக் காவல்படையும் காதுவைத்திருப்பது வி.ஹெச்.எஃப். 16ஆம் சேனலில், 156.8 மெகா ஹெர்ட்ஸில்.

பேட்டரி பற்றி இரண்டு வார்த்தை. பல கைக்கருவிகள் எட்டு ஒன்பது பென்சில் செல்களை விழுங்கும். சார்ஜ் ஏற்றும் செல்லையும் சாதாரண செல்லையும் கலந்து போட்டு சார்ஜரில் செருகினால், சாதாரண செல் கசியும், வெடிக்கவும் செய்யும். வெயிலில் பூட்டிய காருக்குள் கருவியை விட்டுச்செல்வதும் அதே பலனைத் தரும்.

இந்தியாவில் சி.பி.க்கு 2005ஆம் ஆண்டின் விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு தந்திருக்கின்றன. சக்தி 5 வாட்டைத் தாண்டக் கூடாது. ஆன்டெனா கருவியோடு சேர்ந்ததாக இருக்க வேண்டும். ஆகவே மொட்டைமாடியில் கம்பம் நட்டு இணைப்பது இங்கே உயிருக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் ஆகாது. கருவி மாதிரிக்கு மத்திய வயர்லெஸ் பிரிவின் ஒப்புதலும் வேண்டும். கடையில் ‘வாக்கி-டாக்கி’ என்று விற்பதெல்லாம் இந்த வகையல்ல: உரிமம் தேவையில்லாத 446.0–446.2 மெகா ஹெர்ட்ஸ் கருவிகளும் உண்டு, உரிமமின்றித் தொடவே கூடாத அலைவரிசைகளில் இயங்குபவையும் உண்டு. அலைவரிசை எது, உரிமம் வேண்டுமா என்று சொல்லாமலேயே விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. வெளிநாட்டு உறவினர் வாங்கிவந்த அமெரிக்க சி.பி. வைத்திருப்பவர்கள் ஒரு கணக்கைக் குறித்துக்கொள்ளலாம். அதன் 40 சேனல்களில் 27ஆவது 27.275 மெகா ஹெர்ட்ஸ், 28ஆவது 27.285. இந்திய எல்லை 27.283இல் முடிகிறது. 28 முதல் 40 வரையுள்ள சேனல்களை இங்கே பயன்படுத்தக் கூடாது.